மலிவு ரெட் ஒயின்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ரெட் ஒயின் வாங்கப் போகிறவருக்கு இரண்டு கட்சிக்காரர்கள் புத்தி சொல்வார்கள். 'காசுக்கேற்ற பணியாரம்தான் கிடைக்கும், மலிவு பாட்டில் பக்கமே போகாதே' என்பது ஒரு கட்சி. 'எல்லாம் திராட்சைச் சாறுதான், மிச்சமெல்லாம் பேருக்குக் கொடுக்கிற காசு' என்பது எதிர்க்கட்சி. இரண்டிலும் பாதி உண்மை இருப்பதால்தான் இரண்டும் இன்னும் உயிரோடிருக்கின்றன.

நம்பிக்கை: விலை ஏற ஏற ருசியும் ஏறும்.

உண்மை: விலை தெரிந்தால் ஏறும். தெரியாவிட்டால் அந்த உறவு மிகவும் பலவீனமானது. பெயரும் விலையும் தெரியாமல் சுவைத்தவர்களின் 6,000-க்கும் மேற்பட்ட மதிப்பெண்களை 2008-இல் வெளியான ஓர் ஆய்வு அலசியது. சாதாரண மக்களுக்கு விலை கூடிய ஒயின் ஒரு மயிரிழை குறைவாகவே பிடித்திருந்தது. ஒயின் பயிற்சி உள்ளவர்களிடம் மட்டும் முடிவு விலையின் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. அதே ஆண்டு முடிவு வெளியான, கலிபோர்னியாவில் நடந்த இன்னொரு சோதனையில் ஒரே ஒயினை 90 டாலர் என்றும் 10 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்து, குடிப்பவரின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். 90 என்று சொன்னபோது மூளையில் இன்பத்தோடு தொடர்புள்ள பகுதி கூடுதலாக வேலை செய்தது. அவர் பொய் சொல்லவில்லை; அவருக்கு நிஜமாகவே ருசித்தது.

அப்படியானால் கூடுதல் காசு எங்கே போகிறது? ஒரு பகுதி மரத்துக்குப் போகிறது. 225 லிட்டர் கொள்ளும் புது பிரெஞ்சு ஓக் பீப்பாயின் விலை ஏறக்குறைய ஆயிரம் யூரோ. அதிலிருந்து கிடைப்பது 300 பாட்டில். பாட்டிலுக்கு மூன்று யூரோ மரத்துக்கே போய்விட்டது. ஐந்து யூரோ ஒயினுக்கு இது கட்டுப்படியாகாது. அதனால் எஃகுத் தொட்டியில் ஓக் சில்லுகளைப் போட்டு ஊறவைக்கிறார்கள். வெனிலா வாசம் வந்துவிடும். பீப்பாய்க்குள் மெல்லக் காற்றுப்பட்டுத் துவர்ப்பு அடங்குகிற பக்குவம் அவ்வளவு சுலபத்தில் வராது.

நம்பிக்கை: மலிவு ஒயின் பதக்கம் வாங்கியிருக்கிறது, ஆகவே அது பெரிய ஒயினுக்குச் சமம்.

உண்மை: பதக்கம் அவ்வளவு உறுதியான சாட்சி அல்ல. கலிபோர்னியாவின் டிரேடர் ஜோஸ் கடைகளில் 2002 முதல் 1.99 டாலருக்கு விற்ற சார்லஸ் ஷா ஒயினை 'டூ பக் சக்' என்று ஊரே செல்லமாக அழைத்தது. அதன் ஷார்டொனே, வெள்ளை ஒயின்தான், 2007-இல் கலிபோர்னியா மாநிலக் கண்காட்சியில் இரட்டைத் தங்கம் வென்றது. அதே கண்காட்சியின் நடுவர்களை ராபர்ட் ஹாட்சன் என்ற ஒயின் தயாரிப்பாளர் சோதித்தார். ஒரே பாட்டிலிலிருந்து மூன்று கோப்பைகளை, மற்ற ஒயின்களுக்கு நடுவே கலந்து வைத்தார். மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே தரம் கொடுத்தவர்கள் பத்தில் ஒருவர்தான். தங்கம் கொடுத்த கையே சில நேரம் அதே ஒயினுக்கு வெண்கலமும் கொடுத்தது.

நம்பிக்கை: மெர்லோ திராட்சை என்றாலே சப்பை.

உண்மை: 2004-இல் வந்த 'சைடுவேஸ்' படத்தின் நாயகன் மெர்லோவைத் திட்டியதிலிருந்து இந்தப் பேச்சு வலுத்தது. அவன் பொக்கிஷமாகப் பொத்திவைத்திருந்த 1961 செவால் பிளாங் ஒயினிலேயே மெர்லோ கலந்திருக்கிறது. உலகின் மிக விலையுயர்ந்த ஒயின்களில் ஒன்றான பெட்ரூஸ் கிட்டத்தட்ட முழுக்க மெர்லோ.

சிலி நாட்டு மெர்லோவின் கதை இன்னும் வேடிக்கை. அதில் ஒரு பச்சைக் குடைமிளகாய் வாசம் வந்துகொண்டிருந்தது. மலிவுச் சரக்கின் குணம் என்று எண்ணினார்கள். 1994-இல் பிரெஞ்சு நிபுணர் ழான் மிஷேல் பூர்சிகோ அந்தத் தோட்டங்களைப் பார்த்துவிட்டு, அங்கிருந்த கொடிகளில் பல மெர்லோவே அல்ல, கார்மெனேர் என்றார். 19-ஆம் நூற்றாண்டில் பூச்சித் தாக்குதலால் பிரான்சின் போர்தோவிலிருந்து ஏறக்குறைய அழிந்துபோன ரகம் அது. மெர்லோவுக்குப் பல வாரம் கழித்துப் பழுப்பது. மெர்லோ என்று நினைத்து முன்கூட்டியே பறித்ததால் காய்வாசம் அடித்தது. இப்போது தனியாக வளர்த்து, பழுக்கவிட்டுப் பறிக்கிறார்கள்.

நம்பிக்கை: லேபிளில் 'ரிசர்வ்' என்றிருந்தால் உயர்ந்த சரக்கு.

உண்மை: எந்த நாடு என்று முதலில் பாருங்கள். அமெரிக்காவில் இந்தச் சொல்லுக்குப் பொதுவான சட்ட வரையறை கிடையாது, யாரும் போட்டுக்கொள்ளலாம். ஸ்பெயினின் ரியோகாவில் விதி உண்டு. சிவப்பு 'கிரியான்சா' கடைக்கு வருமுன் இரண்டு ஆண்டு முதிர வேண்டும், அதில் ஓராண்டாவது பீப்பாயில். 'ரிசர்வா'வுக்கு மூன்று ஆண்டு, 'கிரான் ரிசர்வா'வுக்கு ஐந்து.

நம்பிக்கை: திருகு மூடி போட்டால் மட்டமான ஒயின்.

உண்மை: கார்க்கிலிருந்து வரும் டிசிஏ என்ற வேதிப்பொருள் ஒயினுக்கு நனைந்த அட்டைப்பெட்டி வாசம் ஏற்றிவிடும். அதற்குப் பயந்துதான் ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு உற்பத்தியாளர்கள் பலர் 2000-இல் கூட்டாகத் திருகு மூடிக்கு மாறினார்கள். மூடியை வைத்துத் தரம் சொல்ல முடியாது.

நம்பிக்கை: ரெட் ஒயினை அறை வெப்பத்தில்தான் குடிக்க வேண்டும்.

உண்மை: ஐரோப்பியப் பழைய வீட்டு அறையை வைத்துச் சொன்னது அது, 16 முதல் 18 டிகிரி. சென்னை அறையின் 30 டிகிரியில் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும். ஃபிரிட்ஜில் வைத்து அந்த அளவுக்குக் குளிரவிட்டுக் கொடுத்தால், மட்டம் என்று தள்ளிய பாட்டிலே மரியாதைக்குரியதாகிவிடும்.

நம்பிக்கை: தினம் ஒரு கோப்பை இதயத்துக்கு நல்லது.

உண்மை: பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. குடிக்கிறவர் ருசிக்காகக் குடிக்கட்டும்; மருந்து என்று சொல்ல வேண்டாம்.

இனி தீர்ப்பு. மலிவு வரிசையில் ரியோகா கிரியான்சா, சிலி கார்மெனேர், தென் பிரான்சின் கோத் து ரோன் ஆகியவை வாங்கிய பெயருக்குப் பெரும்பாலும் நியாயம் செய்கின்றன. பர்கண்டி, போர்தோ என்ற பெருமைமிக்க ஊர்ப்பெயரை ஒட்டிக்கொண்டு அடிமட்ட விலையில் வருபவை பல நேரம் செய்வதில்லை. அங்கே நீங்கள் வாங்குவது ஊரின் பெயரை. ஐயமிருந்தால் ஒரே விலையில் மூன்று பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றி, எண் போட்டு, வேறொருவரை ஊற்றச் சொல்லுங்கள். பிடித்த எண்ணைக் குறித்த பிறகே தாளைப் பிரியுங்கள். அடுத்த முறை அதையே வாங்குங்கள்.