எதை எண்ணுவது: மாவுச்சத்தையா, கலோரியையா?

கடலூரில் வாழும் என் தங்கை உடல் எடையைக் குறைக்க எண்ணிச் சோற்றை அறவே விடுத்தாள். பசித்தபோதெல்லாம் பண்ருட்டி முந்திரியை உண்டாள். மூன்று திங்களாகியும் எடை குறையவில்லை. நீரிழிவு மாத்திரை உண்பவளாதலால், ஒருநாள் காலை மயங்கியும் விழுந்தாள். பிழை எங்கே?

கலோரி என்பது உணவு தரும் ஆற்றலின் அளவு. ஒரு கிராம் மாவுச்சத்தோ புரதமோ 4 கலோரி தரும். கொழுப்பு 9 கலோரி தரும். 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து ஏறத்தாழ 78 கிராம். ஆற்றல் 350 கலோரி. அதே அளவு முந்திரியில் மாவுச்சத்து 30 கிராமே. ஆற்றலோ 580 கலோரியை ஒட்டும். மாவுச்சத்தை எண்ணியவள் கொழுப்பை மறந்தாள்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 609 பேரை ஓராண்டு ஆராய்ந்து 2018-இல் முடிவை வெளியிட்டனர். மாவுச்சத்தைக் குறைத்தோர்க்கும் கொழுப்பைக் குறைத்தோர்க்கும் எடைக்குறைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

ஆயினும் மாவுச்சத்தைப் புறக்கணித்தலாகாது. இரத்தச் சர்க்கரையை மிகுதியும் உயர்த்துவது அதுவே. இந்தியர் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு அதிலிருந்தே வருவதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2025-இல் தெரிவித்தது. எனவே சோற்றைச் சிறிது குறைத்துப் பருப்பும் காயும் கூட்டுதல் நன்று. மருந்து உண்போர் மருத்துவரைக் கேளாமல் சோற்றைத் திடீரென நிறுத்தினால், சர்க்கரை அபாயமாகத் தாழக்கூடும். தங்கைக்கு நேர்ந்தது அதுவே.

ஆகவே, எடைக்குக் கலோரியை எண்ணுக. நீரிழிவு உடையோர் மாவுச்சத்தையும் எண்ணுக. சிதம்பரத்துச் சம்பா சாதத்தை உண்ணுங்கால் சோற்றோடு நெய்யையும் கணக்கிற் கொள்க. வயிறு நிறையுமுன் கை கழுவும் அவமோதரியத்தைத் தவமென வகுத்தனர் நம் முன்னோர். எண்ணத் தெரியாதவர்க்கும் அது எளிய கணக்கு.