பள்ளம் பொய், நடுக்கம் மெய்

ஆந்திரத்தின் சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் விரிந்திருக்கும் ஸ்ரீசிட்டித் தொழில் நகரில் கைப்பேசியும் வாகனமும் மெட்ரோ ரயில் பெட்டியும் தயாராகின்றன. அங்கேயே 2013இல் தொடங்கிய ஐஐஐடி இருக்கிறது, 2018இல் தொடங்கிய க்ரியா பல்கலைக்கழகமும் இருக்கிறது. கிழக்கே பழவேற்காடு ஏரியைத் தாண்டினால் ஸ்ரீஹரிகோட்டா. இவற்றுக்கு நடுவே வளரும் பிள்ளைகள் “வி.ஆர். ஆராய்ச்சிக்கு ஆள் தேவை” என்ற அறிவிப்பை இன்றில்லாவிட்டால் நாளை பார்க்கத்தான் போகிறார்கள். தலையில் கண்ணாடியை மாட்டி, கணினி உருவாக்கிய உலகம் ஒன்றில் ஆளை நிறுத்தி, அங்கே அவர் என்ன முடிவெடுக்கிறார், எங்கே பயப்படுகிறார், எங்கே மனம் இளகுகிறார் என்று பார்க்கும் மெய்நிகர் (வி.ஆர்.) ஆராய்ச்சி அது. அதைப் பற்றி நம்மிடையே இருக்கும் பேச்சு இரண்டு விதம். “கேம் ஆடுற கண்ணாடிதானே” என்பது ஒன்று. “அது மனசையே படிச்சிடுமாம்” என்பது இன்னொன்று. இரண்டும் தவறு. அலட்சியமும் அச்சமும் சேர்ந்து, கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்க விடாமல் செய்துவிடுகின்றன என்பதே என் கவலை.

நம்பிக்கை: இது வெறும் விளையாட்டுப் பொருள்.

உண்மை: தலையில் மாட்டும் கணினித் திரையை ஐவன் சதர்லேண்ட் 1968லேயே செய்துகாட்டிவிட்டார். 1995இல் பார்பரா ரோத்பாம் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழு, உயரத்தைக் கண்டு அஞ்சுபவர்களைக் கணினி வரைந்த பாலங்களிலும் மாடிகளிலும் படிப்படியாக நிற்கவைத்துப் பயத்தைக் குறைத்தது. தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது நோயாளி படும் வலியைக் குறைக்க, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹண்டர் ஹாஃப்மன் பனி உலகம் ஒன்றை உருவாக்கினார். நோயாளி பனிப்பந்து எறிவதில் மூழ்கிவிட, வலியின் மேல் இருக்கும் கவனம் குறைகிறது. நம் பக்கத்தில், பேராசிரியர் எம். மணிவண்ணன் தலைமையில் சென்னை ஐஐடியில் இதற்கென்றே ஒரு மையம் இயங்குகிறது. விண்வெளிக்குச் செல்லவிருப்பவர்களுக்கு மெய்நிகர் பயிற்சி உருவாக்க இஸ்ரோ 2023இல் அந்த ஐஐடியோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆபத்து வேளையில் சரியான முடிவெடுக்கப் பழக வேண்டியவர்களை உண்மையான ஆபத்தில் தள்ளிப் பழக்க முடியாதல்லவா?

நம்பிக்கை: பொய் என்று தெரிந்துவிட்டால் உடம்பு ஏமாறாது.

உண்மை: இந்த ஆராய்ச்சி முழுவதும் நிற்பதே இந்த நம்பிக்கை தவறு என்பதன்மேல்தான். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஃபிரெடரிக் புரூக்ஸின் குழு 2002இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். கண்ணாடிக்குள் ஓர் அறை, அதன் நடுவே ஆழமான பள்ளம். சோதனைக்கு வந்தவர் நிற்பது சமதரை என்பது அவருக்கே தெரியும். ஆனாலும் பள்ளத்தின் விளிம்பில் நின்றபோது இதயத்துடிப்பு கூடியது. காலுக்கடியில் உண்மையான ஒன்றரை அங்குலப் பலகை ஒன்றை வைத்து, அதன் ஓரம் பாதத்தில் படும்படி செய்தபோது துடிப்பு இன்னும் கூடியது. கண் சொல்வதற்குக் கால் சாட்சி சொன்னால் போதும், உடம்பு நம்பிவிடுகிறது.

லண்டனில் பணியாற்றிய மெல் ஸ்லேட்டர் இதை இரண்டாகப் பிரித்துச் சொன்னார். “நான் இந்த இடத்தில் இருக்கிறேன்” என்ற உணர்வு ஒன்று, “இங்கே நடப்பது உண்மையாகவே நடக்கிறது” என்ற உணர்வு இன்னொன்று. இரண்டும் கூடி வந்தால், காட்சி கார்ட்டூன் போல இருந்தாலும் மனிதர்கள் நிஜத்தில் நடப்பதைப் போலவே நடந்துகொள்கிறார்கள் என்பது அவர் வாதம். சித்தூர், திருவள்ளூர்ப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. துகில் உரியும் இரவில் பாஞ்சாலி வேடம் கட்டியவர் யார் என்று ஊருக்கே தெரியும், ஆனாலும் முன்வரிசையில் அழுகைச் சத்தம் கேட்கும்.

ஸ்லேட்டர் 2006இல் வெளியிட்ட சோதனைதான் இந்தத் துறையில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது. அதற்கு ஒரு முன்கதை உண்டு. 1963இல் ஸ்டான்லி மில்கிராம் ஓர் ஆய்வை வெளியிட்டார். தவறாகப் பதில் சொல்பவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கச் சொல்லி 40 ஆண்களிடம் கேட்டார். அவர்களில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். மின்சாரம் உண்மையில் பாயவில்லை, அடுத்த அறையில் இருந்தவர் சுவரை அடித்ததும் நடிப்புதான். ஆனால் பொத்தானை அழுத்தியவர்களுக்கு அது தெரியாது. ஒரு மனிதனைத் துன்புறுத்துகிறோம் என்று நம்பியே அழுத்தினார்கள், வியர்த்தார்கள், நடுங்கினார்கள். ஆளை இப்படி ஏமாற்றி வதைக்கும் சோதனைக்கு இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது. ஆகவே அதிகாரத்துக்குக் கீழ்ப்படிதல் பற்றிய அந்தப் பெரிய கேள்வி பாதியிலேயே நின்றிருந்தது.

ஸ்லேட்டர் மின்னதிர்ச்சி பெறும் ஆளைக் கணினிப் பெண்ணாக மாற்றினார். கலந்துகொண்ட 34 பேருக்கும் அவள் பொய் என்று முன்கூட்டியே தெரியும். ஒளித்து வைத்தது எதுவும் இல்லை. 11 பேர் அவளோடு எழுத்து மூலம் மட்டுமே பேசினார்கள். அவர்கள் அத்தனை பேரும் 20 அதிர்ச்சிகளையும் கொடுத்து முடித்தார்கள். மற்ற 23 பேர் அவளைப் பார்த்தார்கள், குரலையும் கேட்டார்கள். அவர்களில் 17 பேர்தான் கடைசிவரை போனார்கள், 6 பேர் இடையிலேயே நிறுத்திக்கொண்டார்கள். பார்த்தவர்களின் உடலில் பதற்றம் தெளிவாகப் பதிவானது. இல்லாத ஒரு பெண்ணின் வலிக்காக இருக்கிற மனிதர்கள் பின்வாங்கினார்கள். யாரையும் ஏமாற்றாமல், யாரையும் வதைக்காமல், ஒரு பழைய கேள்வியை மறுபடி திறக்க முடிந்தது. இந்தக் கருவிக்கு இதைவிட நல்ல நியாயம் வேண்டியதில்லை.

நம்பிக்கை: கண்ணாடிக்குள் செய்ததையே ஒருவர் வாழ்க்கையிலும் செய்வார்.

உண்மை: அப்படி அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தாளில் எழுதிக் கேட்பதைவிட இது வேறொன்றைக் காட்டுகிறது. ஓடிவரும் ரயில் பெட்டி ஐந்து பேரைக் கொல்லப் போகிறது, விசையை இழுத்துத் தடம் மாற்றினால் ஒருவர் மட்டும் சாவார் என்ற பழைய தத்துவப் புதிரை, மிச்சிகன் அரசுப் பல்கலைக்கழகத்தின் கார்லோஸ் நவரெட்டே குழு கண்ணாடிக்குள் கொண்டுவந்து 2012இல் வெளியிட்டது. 147 பேரில் 133 பேர் தடத்தை மாற்றினார்கள். விரல் நுனியில் மாட்டிய சென்சார், மாற்றாதவர்களுக்கு உணர்ச்சிக் கொந்தளிப்பு அதிகம் என்று காட்டியது. 2014இல் இந்திரஜீத் பாட்டீலும் சகாக்களும் ஒரே ஆட்களிடம் இத்தகைய புதிர்களை எழுத்தாகவும் மெய்நிகர் காட்சியாகவும் கொடுத்தார்கள். எழுத்தில் தயங்கியவர்கள் பலர் காட்சியில் பலரைக் காக்க ஒருவரைப் பலி கொடுத்தார்கள். நியாயம் பேசும் மனசும் கையை நீட்டும் மனசும் ஒன்றல்ல என்பதற்கு இவை வலுவான அறிகுறி. உண்மைத் தண்டவாளத்தில் அவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்குச் சான்று அல்ல. சிறையோ, பழியோ, வாழ்நாள் குற்ற உணர்வோ கண்ணாடிக்குள் கிடையாது.

கலந்துகொண்ட ஆட்கள் யார் என்றும் பார்க்க வேண்டும். 2013இல் வெளிவந்த ஸ்லேட்டர் குழுவின் ஆய்வில் கலந்துகொண்ட 40 பேரும் ஆர்சனல் கால்பந்து அணியின் ரசிகர்கள். மெய்நிகர் மதுக்கடையில் ஒருவனை இன்னொருவன் மிரட்டும்போது, அடிபடப்போகிறவன் ஆர்சனல் சட்டை போட்டிருந்தால் அதிகம் குறுக்கிட்டார்கள். நம்மவன் என்றால்தான் கை நீள்கிறது. ஆனால் “நம்மவன்” யார் என்பது ஊருக்கு ஊர் மாறும். சாதி, தெரு, மொழி என்று நம் கோடுகள் வேறு. உளவியல் முடிவுகளில் பெரும்பகுதி மேற்கு நாடுகளில், அதிலும் கல்லூரி மாணவர்களிடம், எடுக்கப்பட்டவை என்று ஜோசப் ஹென்ரிச்சும் சகாக்களும் 2010லேயே எச்சரித்தார்கள். லண்டனில் கிடைத்ததைச் சத்தியவேட்டுக்கு அப்படியே பொருத்துவது அறிவியல் ஆகாது. இங்கேயும் செய்து பார்க்க வேண்டும். செய்யத் தகுந்த இடம் இது என்றே நினைக்கிறேன்.

நம்பிக்கை: விரலில் மாட்டுகிற சென்சார் மனசைப் படித்துவிடும்.

உண்மை: அது படிப்பது வியர்வையை. உள்ளங்கையும் விரல் நுனியும் இலேசாக வியர்த்தால் தோலில் மின்சாரம் எளிதாகப் பாயும், கருவி அதை அளக்கும். உணர்ச்சி எழுந்தது என்பது தெரியும். எழுந்தது பயமா, மகிழ்ச்சியா, கோபமா, வெட்கமா என்பது தெரியாது. இதயத்துடிப்பும் அப்படியே. அதனால்தான் சோதனை முடிந்ததும் ஆராய்ச்சியாளர் உட்கார்ந்து கேள்வி கேட்கிறார். அங்கே மொழி வந்துவிடுகிறது. செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த சத்தியவேடு, 1960 ஏப்ரல் 1 எல்லை மாற்றத்தில் ஆந்திரத்தோடு சேர்ந்தது. இன்றும் வீட்டில் தமிழ், வெளியில் தெலுங்கு, கல்லூரியில் ஆங்கிலம் என்று வாழ்பவர்கள் இங்கே ஏராளம். “எனக்கு எப்படி இருந்தது” என்பதை ஒருவர் மூன்றாவது மொழியில் ஒன்று முதல் ஏழுவரை மதிப்பெண் போட்டுச் சொல்லும்போது, அந்த எண்ணில் எவ்வளவு அவருடைய உணர்ச்சி, எவ்வளவு மொழிச் சிரமம் என்று பிரிப்பது கடினம்.

நம்பிக்கை: அடுத்தவர் துன்பத்துக்குள் நுழைந்து பார்த்தால் இரக்கம் தானாக வந்துவிடும்.

உண்மை: சிரிய அகதிச் சிறுமியைப் பற்றிய மெய்நிகர் படத்தை எடுத்தவர்களில் ஒருவரான கிறிஸ் மில்க், 2015இல் இதை இரக்கம் உண்டாக்கும் எந்திரம் என்றே சொன்னார். பின்னர் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, நெஞ்சு உருகுவது கூடுகிறது, ஆனால் மற்றவர் நிலையிலிருந்து யோசித்துப் புரிந்துகொள்வது அப்படிக் கூடுவதில்லை என்று தெரிந்தது.

நம்பிக்கை: பெயர் எழுதிக் கொடுக்காவிட்டால் நான் யாரென்று தெரியாது.

உண்மை: இதுதான் என்னை மிகவும் உறுத்துவது. கண்ணாடியும் கைப்பிடியும் தலை, கை அசைவுகளை ஒவ்வொரு நொடியும் பலமுறை பதிவு செய்கின்றன. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 511 பேரிடம் ஆளுக்கு ஐந்து நிமிடத்துக்கும் குறைவான அசைவுப் பதிவை எடுத்துக் கணினிக்குக் கற்பித்தார்கள். 95 விழுக்காட்டினரை அது சரியாக அடையாளம் கண்டது. அந்த ஆய்வு 2020இல் வெளியானது. 2023இல் வந்த இன்னொரு ஆய்வு 50,000க்கும் அதிகமான விளையாட்டுக்காரர்களை, 100 நொடி அசைவை வைத்து 94 விழுக்காட்டுக்கு மேல் பிரித்தறிந்தது. நடையும் தலை திருப்பும் விதமும் கைரேகை மாதிரி ஆகிவிட்டன. பெயரை நீக்கிவிட்டோம் என்ற உறுதிமொழி மட்டும் போதாது. அசைவுப் பதிவு எங்கே இருக்கும், யார் பார்ப்பார், எப்போது அழிக்கப்படும் என்று கேட்டே ஆக வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். தாங்கள் திமிங்கிலங்களோடு நீந்துவதை மெய்நிகராகப் பார்த்த பள்ளிச் சிறுவர்களில் சிலர், அது தங்கள் வாழ்க்கையில் உண்மையாகவே நடந்தது என்று பிறகு நினைவுகூர்ந்ததை ஸ்டான்ஃபோர்டில் 2009இல் பதிவு செய்திருக்கிறார்கள்.

நம்பிக்கை: கையெழுத்துப் போட்டாயிற்று, இனி பாதியில் விடக் கூடாது.

உண்மை: விடலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் சொல்வது இதுதான்: மனிதர்களை வைத்துச் செய்யும் ஆராய்ச்சியில் பங்கேற்பவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதற்காக அவருக்குச் சேர வேண்டியது எதுவும் குறையக் கூடாது, தகவல் தாளும் அவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். மதிப்பெண் போடும் ஆசிரியரோ வேலை கொடுக்கும் மேலாளரோ ஆள் சேர்க்கும்போது, விலகும் உரிமை தாளில் மட்டும் தங்கிவிடும் அபாயம் உண்டு. ஆகவே ஒப்புதல் வாங்குபவர் வேறொருவராக இருப்பது நல்லது. தலைசுற்றினாலோ குமட்டினாலோ, காட்சி மனதை வருத்தினாலோ, உடனே கண்ணாடியைக் கழற்றலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒப்புதல் தாள் ஆங்கிலத்திலோ தெலுங்கிலோ மட்டும் இருந்தால், “தமிழில் கொடுங்கள், இல்லையென்றால் படித்து விளக்குங்கள்” என்று முதல் நாளே கேளுங்கள்.