டிப்பர் ஜாக்கியில் எண்ணெய் கசிகிறதா?

எரு, வண்டல் மண், செங்கல் என எதை ஏற்றினாலும் ஆள் வைத்து இறக்காமல் கொட்ட முடிவதால், டிராக்டருடன் இணைக்கும் டிப்பர் டிரெய்லர்கள் விவசாயிகளுக்குப் பெரிதும் உதவுகின்றன. கைமாறி வந்த பழைய டிப்பர்களில் அடிக்கடி ஏற்படும் கோளாறு, ஜாக்கி எனப்படும் ஹைட்ராலிக் சிலிண்டரில் எண்ணெய் கசிவதாகும். புது சீல் போட்டும் சில வாரங்களில் மறுபடி கசிகிறது என்றால், பழைய சீலைக் கெடுத்த காரணம் உள்ளேயே இருக்கிறது என்று பொருள். அதைக் கண்டறிந்து நீக்கினால்தான் செலவு செய்த பணம் நிலைக்கும்.

ஜாக்கி வேலை செய்யும் விதம்

டிராக்டரின் பம்ப் எண்ணெயை அழுத்தி ஜாக்கிக்குள் அனுப்புகிறது. அந்த அழுத்தம் உள்ளே உள்ள ராடை வெளியே தள்ளி, பெட்டியைத் தூக்குகிறது. 10 செ.மீ. விட்டமுள்ள ராடின் பரப்பு சுமார் 78.5 சதுர செ.மீ. ஒரு சதுர செ.மீ.க்கு 150 கிலோ அழுத்தம் கிடைத்தால், தூக்கும் விசை 11,775 கிலோவாகும். இவ்வளவு விசையையும் உள்ளே நிறுத்தி வைப்பது ஒரு மெல்லிய சீலின் உதடுதான். ஆகவே ராடில் உள்ள சிறு கீறலும், எண்ணெயில் உள்ள மணலும் அதை விரைவில் அறுத்துவிடும்.

கோளாறு எங்கே?

டிப்பர் ஜாக்கிகளில் பெரும்பாலானவை ஒரு பக்கம் மட்டும் எண்ணெய் செல்பவை. இவற்றில் சீல் கெட்டால் எண்ணெய் வெளியே தெரியும். எங்கும் கசிவு இல்லை, ஆனால் தூக்கிய பெட்டி தானாக இறங்குகிறது என்றால், பெரும்பாலும் கோளாறு வால்வில் இருக்கும். ஜாக்கியைப் பிரிப்பது வீண் செலவு.

பெட்டி மெதுவாக ஏறினால் முதலில் எண்ணெய் அளவையும், பில்டரையும் பாருங்கள். எண்ணெயில் நுரை இருந்தால் காற்று நுழைகிறது. பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது.

கசியும் இடத்தைக் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. ஊசித் துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும். உள்ளே சதை அழுகி, விரலையோ கையையோ இழக்க நேரிடலாம். அட்டைத் துண்டை நீட்டிப் பார்ப்பதே சரி. எண்ணெய் பாய்ந்துவிட்டால், வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் சென்று, அழுத்தத்தில் எண்ணெய் ஏறியது என்பதை டாக்டரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

கழற்றும் முறை

1. பெட்டியைக் காலி செய்து, சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கவும்.

2. பெட்டியைத் தூக்கி, இரு புறமும் உறுதியான இரும்புத் தாங்கிகளைச் சட்டத்தின் மீது நிறுத்தி, பெட்டியின் பாரம் முழுவதும் அவற்றின் மீது அமரும்படி இறக்கவும். ஜாக்கியை மட்டும் நம்பிப் பெட்டிக்கு அடியில் யாரும் நுழையக் கூடாது. ஹோஸ் வெடித்தால் விலகுவதற்கு நேரம் இருக்காது.

3. என்ஜினை நிறுத்தி, லீவரைப் பல முறை முன்னும் பின்னும் அசைத்து, மீதி அழுத்தத்தைப் போக்கவும். அதன் பிறகே ஹோஸை மெதுவாகத் தளர்த்தவும். திறந்த வாய்களை உடனே மூடிவிடவும்.

4. பிரிப்பதற்கு முன் ஜாக்கியின் வெளிப்புறத்தைக் கழுவித் துடைக்கவும். மேல் நட்டை உளி வைத்து அடிக்காமல், அதற்குரிய கொக்கி ஸ்பேனரால் திருப்பவும்.

ராடு வெளியே வரவில்லை என்று காற்றுக் கம்ப்ரசரை இணைப்பது பேராபத்து. ராடு குண்டு போல் பாய்ந்து ஆளைக் கொல்லக்கூடும். எண்ணெய் உள்ள மூடிய சிலிண்டரில் வெல்டிங் வைப்பதும் அப்படியே.

சீல் கெட்ட காரணம்

ராடின் மீது நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கும் கீறல் புதுச் சீலையும் அறுக்கும். சிறிய மேடாக இருந்தால் எண்ணெய்க் கல்லால் தேய்த்துச் சமன் செய்யலாம். ஆழமான கோடு, துருக்குழி, உரிந்த பூச்சு இருந்தால் ஹார்டு குரோம் பூசி, கிரைண்டிங் செய்ய வேண்டும். ராடு வளைந்துள்ளதா என்பதை லேத் பட்டறையில் டயல் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்த ராடு சீலை ஒரு பக்கமாகவே தேய்க்கும். ராடு நன்றாக இருந்து, அடியில் சேறும் மணலும் படிந்திருந்தால், குற்றவாளி அழுக்கு எண்ணெய்தான்.

சீல் வாங்கும்போதும் பொருத்தும்போதும்

ஊறிப் பெருத்த பழைய சீலை அளவாகக் கொள்ள வேண்டாம். ராடின் விட்டம், காடியின் விட்டம், காடியின் உயரம் ஆகியவற்றை வெர்னியரால் அளந்து வாங்கவும். வெளியே தூசி தடுக்கும் சீலையும் சேர்த்தே மாற்ற வேண்டும். டயர் டியூபை வெட்டி வளையமாகப் போடுவது உதவாது. அந்த ரப்பர் எண்ணெயில் ஊறிப்போகும். எண்ணெய் குறைந்தால் பிரேக் ஆயிலை ஊற்றுவதும் சீல்களைக் கெடுக்கும்.

பழைய சீலை எடுக்கும்போதே அதன் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். உதடு அழுத்தம் வரும் பக்கம் நோக்கி இருக்க வேண்டும். பாகங்களை டீசலில் கழுவி, நூல் பிரியாத துணியால் துடைத்து, சீலுக்குச் சுத்தமான ஹைட்ராலிக் எண்ணெய் தடவிப் பொருத்தவும். மரையின் மீது மெல்லிய டேப் சுற்றிக்கொண்டால் உதடு கிழியாது. சுத்தியால் தட்டக் கூடாது.

இணைத்த பிறகு பாரமின்றிப் பலமுறை மெதுவாக ஏற்றி இறக்கிக் காற்றைப் போக்கவும். தாங்கிகளை அகற்றிப் பெட்டியை முழுவதும் இறக்கிய பின்பே எண்ணெய் அளவைப் பார்த்து நிரப்ப வேண்டும்.

மறுபடி கெடாமல் இருக்க

பல டிராக்டர்களில் கியர் பெட்டி எண்ணெயே ஜாக்கிக்கும் செல்கிறது. ஹோஸ் முனையில் ஒட்டிய மண் டிராக்டரின் பம்ப் வரை போய்ச் சேரும். ஆகவே இணைக்கும் முன் முனைகளைத் துடைப்பதும், கழற்றியதும் மூடி போடுவதும் அவசியம். வேலை முடிந்ததும் பெட்டியை இறக்கியே நிறுத்தினால் ராடு உள்ளே பத்திரமாக இருக்கும். எரு, உரம் ஏற்றிய பின் ஜாக்கியைக் கழுவிவிடுங்கள். எண்ணெயையும் பில்டரையும் டிராக்டர் கையேட்டில் சொன்ன காலத்தில் மாற்றுங்கள். இதைச் செய்தால் அறுவடை நேரத்தில் டிப்பர் பட்டறையில் நிற்காது.