மருந்து போய்ச் சேரும் இடம்

அன்புள்ள கமலாவுக்கு,

சிறுநீர்ப்பை நோய்களுக்கான மருந்துகளின் பெயர்கள் மனத்தில் தங்க மறுக்கின்றன என்று எழுதியிருந்தாய். பெயர்களை மனனம் செய்யுமுன், ஒவ்வோர் ஔஷதமும் சரீரத்தில் எங்கே போய் வேலை செய்கிறது என்று கேட்டுப் பழகு.

நைட்ரோஃபுரான்டாயினை எடுத்துக்கொள். 1950-களிலிருந்து வழக்கிலுள்ள இம்மருந்து, உட்கொண்டபின் இரத்தத்தில் சொற்ப அளவே தங்கி, சிறுநீரகங்களால் விரைந்து வெளியேற்றப்பட்டு, சிறுநீரில் செறிந்து நின்று, நீர்க்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணமாகும் ஈ. கோலி என்னும் கிருமியை அங்கேயே மாய்க்கிறது. இரத்தத்தில் தங்காத இக்குணமே சிறுநீர்ப்பையளவில் நின்ற நோய்க்கு அதனை உத்தமமான மருந்தாக்குகிறது. கிருமி சிறுநீரகத்துக்கு ஏறி, குளிர்காய்ச்சலும் விலாவலியும் கண்டுவிட்டாலோ, அதே குணத்தால் அது போதாததாகிவிடுகிறது. சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கும் அது உதவாது. இம்மருந்தைச் சாப்பாட்டுடன் உட்கொள்ள வேண்டும் என்பதையும், சிறுநீர் பழுப்பு நிறமாகலாம் என்பதையும் நோயாளிக்கு முன்கூட்டியே சொல். நிறத்தைக் கண்டு அஞ்சி, பெரும்பாலும் ஐந்து நாளுக்கென எழுதித்தரப்படும் மருந்தை இரண்டாம் நாளே நிறுத்திவிடுவோர் உண்டு. அதே நோய்க்குத் தரப்படும் ஃபாஸ்ஃபோமைசினோ, 3 கிராம் பொடியை நீரில் கரைத்து ஒரே வேளை அருந்துவதோடு முடிகிறது.

மருந்துக்கடைக்கு வந்து பலரும் தாமாகவே கேட்கும் சிட்ரேட் பாகுமருந்து, சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்து எரிச்சலைச் சற்றுத் தணிக்கலாம். கிருமியை ஒழிப்பது அதன் காரியமன்று.

இனி, கிருமியே இல்லாமல், சிறுநீர்ப்பையின் தசை வேளையறியாது சுருங்குவதால் அடிக்கடி அவசரமாக எழுந்தோடுபவர்கள் இருக்கிறார்கள். ஆக்ஸிபியூட்டினின் அத்தசைக்குச் செல்லும் நரம்பின் ஏவலைத் தடுக்கிறது. ஆனால் அத்தகைய ஏவல் உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் குடலுக்கும் மூளைக்கும் உண்டாதலால், வாய் வறட்சியும் மலச்சிக்கலும், முதியோரிடத்தில் மனக்குழப்பமும் உடன் வருகின்றன. வேறு வழியில் தசையைத் தளர்த்தும் மிராபெக்ரான் இத்தொல்லைகளைக் குறைவாகத் தருகிறது. எனினும் இரத்த அழுத்தத்தைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றில் மட்டும் மிக ஜாக்கிரதையாக இரு. இரவில் பன்முறை எழுந்திருக்கும் பெரியவர் ஒருவருக்குப் புராஸ்டேட் வீங்கி நீர் முழுதும் இறங்காதிருக்குமானால், அவர் அண்டைவீட்டாரின் ஆக்ஸிபியூட்டினினை வாங்கி விழுங்கினால் நீர் அடியோடு அடைத்துக்கொள்ளக்கூடும். அவருக்கு மருத்துவர் எழுதக்கூடியது, வழியைத் தளர்த்தும் டாம்சுலோசின். அதிலும் திடீரென எழுந்தால் தலைசுற்றும். ஆதலால் சீட்டில்லாமல் கேட்பவரிடம், தாரை மெலிந்திருக்கிறதா, விட்டுவிட்டு வருகிறதா என்று கூச்சமின்றி விசாரித்து, ஆமென்றால் மருந்து கொடாமல் மருத்துவரிடம் அனுப்பு.

உன் அன்புள்ள,
மாமா