பள்ளி வாசலில் குடிசை

பள்ளிக்கூடம் அருகே வீடற்றவர்கள் தங்கலாமா என்று பெற்றோர் வாதிடும்போதெல்லாம் நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஊரூட்டம்பலம் எனக்கு நினைவு வரும். பஞ்சமி என்ற புலையச் சிறுமியை அய்யன்காளி அங்குள்ள பள்ளிக்கு அழைத்துச் சென்றார். திருவிதாங்கூர் அரசு அனுமதித்திருந்தும் மேல்சாதியார் எதிர்த்தனர், பள்ளியே தீக்கிரையாயிற்று. எரிந்து மிஞ்சிய பெஞ்சைப் பாதுகாத்து வருகிறார்கள். 2022-இல் அப்பள்ளிக்கு அவ்விருவர் பெயரும் சூட்டப்பட்டது.

சுத்தம், பாதுகாப்பு என்று நாம் சொல்வதில் நியாயம் உண்டுதான். ஆனால் அதற்குக் கேட்க வேண்டியது கழிப்பறையும் குடிநீரும். விரட்டினால் முதலில் நிற்பது குழந்தையின் படிப்பு. 1985-இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பிழைப்பும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்றது. நடைபாதையில் குடியிருக்கும் உரிமையை மட்டும் தரவில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டமோ, வயதுச் சான்று இல்லை என்று எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது. கூடாரத்துப் பிள்ளையும் அதில் சேர்த்தி.