பிரஷர் குளிசையைத் திடீரென நிறுத்தாதீர்கள்

இடம்பெயர்ந்திருந்த காலத்தில் வேறோர் ஊர்க் கிளினிக்கில் பிரஷருக்கு மருந்து எடுத்தவர்கள் உங்கள் குடும்பத்திலும் இருக்கலாம். இறக்காமத்துக்குத் திரும்பி வீடு, வயல், பாடசாலை என்று அலையும்போது கையிலிருந்த குளிசை முடிந்துவிடும். உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அப்படியே விட்டுவிடாதீர்கள். சில குளிசைகளை ஒரேயடியாக விடுவது ஆபத்தானது.

எந்தக் குளிசைகள்?

அட்டெனோலோல், பிசோப்ரோலோல், மெட்டோப்ரோலோல், புரொப்ரனோலோல் போன்றவை. பெயர் பெரும்பாலும் 'லோல்' என முடியும். இவை பீட்டா தடுப்பிகள் எனப்படும்.

எப்படி வேலை செய்கின்றன?

பயம், கோபம், கடும் வேலையின்போது உடலில் அட்ரினலின் சுரக்கிறது. அது இதயத்திலுள்ள பீட்டா ஏற்பிகளில் பொருந்தி, இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்கிறது. பூட்டில் ஏற்கெனவே ஒரு திறப்பு இருந்தால் மற்றத் திறப்பு நுழையாது. குளிசையும் அப்படித்தான் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இதயம் ஆறுதலாகத் துடிக்கும், பிரஷர் குறையும்.

திடீரென நிறுத்தினால்?

குளிசையை நெடுநாள் எடுக்கும்போது இதயத்தில் ஏற்பிகள் கூடுகின்றன. குளிசை நின்றதும் அட்ரினலின் அவை எல்லாவற்றிலும் பொருந்தும். படபடப்பு, நெஞ்சுவலி, மாரடைப்புக்கூட வரலாம். இதய நோயாளர்களுக்கு ஆபத்து அதிகம். நிறுத்த வேண்டுமென்றால் வைத்தியர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• குளிசை முடிவதற்கு ஒரு வாரம் முன்பே அருகிலுள்ள அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் பதியுங்கள்.

• கிளினிக் கொப்பி தொலைந்திருந்தால் குளிசை மட்டையை அல்லது மருந்து உறையைக் கொண்டுசெல்லுங்கள்.

• முட்டு வருத்தம் (ஆஸ்துமா) இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். இக்குளிசை மூச்சுக்குழாயைச் சுருக்கலாம்.

• சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்களுக்குச் சீனி குறையும்போது வரும் படபடப்பை இது மறைத்துவிடும். வியர்வையைக் கவனியுங்கள்.

• ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளை இரண்டாகப் போடாதீர்கள்.

• நோன்பு காலத்தில் குளிசையை ஸஹரிலா, நோன்பு திறந்த பிறகா எடுப்பது என்பதை முன்கூட்டியே வைத்தியரிடம் கேளுங்கள்.

• அயலவரின் குளிசையைக் கடன் வாங்காதீர்கள்.

நெஞ்சுவலி, மூச்சு முட்டுதல், மயக்கம் வந்தால் தாமதிக்காமல் 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள்.