புயலுக்குள் ஒரு பார்வை

2001ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் தேதி, வாமெய் என்னும் வெப்பமண்டலப் புயல் ஜோகூரின் தென்கிழக்குக் கரையைக் கடந்தது. அது கரையேறிய இடம் சிங்கப்பூரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில்தான் இருந்தது. ஜோகூரிலும் பகாங்கிலும் வெள்ளமும் நிலச்சரிவும் ஏற்பட்டன; ஐந்து பேர் உயிரிழந்தனர். புயல் சுழல்வதற்குப் பூமியின் சுழற்சி துணைசெய்ய வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு அருகே அந்தத் துணை மிகவும் குறைவு. ஆகவே, நமது வட்டாரத்தில் புயல் உருவாகாது என்றே பலரும் நம்பியிருந்தனர். வாமெயோ நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைப் பாகை தொலைவிலேயே உருவாகிவிட்டது.

புயல்கள் பிறப்பதும் வளர்வதும் கடலில். மழையைக் காட்டும் ரேடார்களோ பெரும்பாலும் நிலத்தில் நிற்கின்றன. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

மழை வருமா என்று திறன்பேசியில் பார்க்கும்போது பச்சை, மஞ்சள், சிவப்புத் திட்டுகள் தெரியுமல்லவா? அவை ரேடார் தரும் தகவல்கள். ரேடார் நுண்ணலைகளைச் சிறு சிறு துடிப்புகளாக அனுப்புகிறது. மழைத்துளிகள் அவற்றில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகின்றன. அந்த எதிரலை ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் திரும்பினால், மழை 150 கிலோமீட்டர் தொலைவில் பெய்கிறது என்று பொருள். இரண்டாம் உலகப் போரின்போது எதிரி விமானங்களைத் தேடியவர்களுக்கு இந்த மழைத் திட்டுகள் பெருந்தொல்லையாக இருந்தன. அவர்களுடைய தொல்லைதான் பின்னாளில் வானிலை ஆய்வாளர்களின் செல்வமாயிற்று!

ஆனால், ரேடார் அலை ஏறக்குறைய நேராகச் செல்கிறது, பூமியோ வளைந்திருக்கிறது. 200 கிலோமீட்டர் தொலைவை அடையும்போது அலை தரையிலிருந்து மூன்று, நான்கு கிலோமீட்டர் உயரத்தில் போய்விடும். அதற்குக் கீழே நடப்பது தெரியாது. நடுக்கடலில் நடப்பது அறவே தெரியாது.

அப்படியானால், ரேடாரையே புயலுக்குள் கொண்டுசென்றால் என்ன? புயலுக்குள் விமானத்தில் செல்ல முடியும் என்பதை 1943ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் தேதி ஜோசப் டக்வொர்த் என்ற அமெரிக்கப் படையதிகாரி காட்டினார். அவர் ஓட்டியது ஒரு சிறிய பயிற்சி விமானம். இன்று அமெரிக்கப் பெருங்கடல், வளிமண்டல நிர்வாகத்தின் விமானங்கள் இப்பணியைச் செய்கின்றன. அவற்றின் வால்பகுதியில் ஒரு ரேடார் சுழன்றுகொண்டே இருக்கும். அது விமானத்தின் இருபுறமும் மேலும் கீழுமாகப் புயலை ‘வெட்டிப்’ பார்க்கிறது. விமானம் முன்னேற முன்னேற, ரொட்டித் துண்டுகளை அடுக்குவதுபோல் இந்த வெட்டுகள் ஒன்றுசேர்ந்து புயலின் முழு உருவமாகின்றன. காற்றின் வேகமும் தெரிகிறது. அவசர மருத்துவ ஊர்தி நம்மை நெருங்கும்போது அதன் ஒலி கூர்மையாகவும், விலகும்போது தணிந்தும் கேட்கிறதல்லவா? காற்றோடு விரையும் துளிகள் அதைப்போலவே எதிரலையின் அதிர்வெண்ணை மாற்றிவிடுகின்றன. இதற்கு டாப்ளர் விளைவு என்று பெயர்.

இப்பணியில் ஆபத்து இல்லாமல் இல்லை. 1989ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி, அட்லாண்டிக் பெருங்கடலில் ஹியூகோ சூறாவளிக்குள் இத்தகைய விமானம் ஒன்று ஏறத்தாழ 450 மீட்டர் உயரத்தில் நுழைந்தது. புயல் குழுவினர் எதிர்பார்த்ததைவிட மிகவும் வலுவாக இருந்தது. கண்ணைச் சூழ்ந்த மேகச்சுவரைக் கடக்கும்போது நான்கு எந்திரங்களுள் ஒன்று தீப்பற்றியது. விமானம் கடலை நோக்கிச் சரிந்தது. விமானிகள் அதை நிமிர்த்தியபோது கீழே அலைகள் 300 மீட்டருக்கும் குறைவான தொலைவில் இருந்தன. எப்படியோ விமானம் புயலின் அமைதியான கண்பகுதிக்குள் வந்துசேர்ந்தது. எரிபொருளின் ஒரு பகுதியைக் கொட்டி எடையைக் குறைத்து, கண்ணுக்குள்ளேயே வட்டமிட்டு உயர்ந்து, பின்னர் வெளியேறினர். அனைவரும் உயிர்பிழைத்தனர்.

விண்ணிலிருந்து மழையை அளக்கும் முதல் ரேடார் 1997ஆம் ஆண்டு நவம்பரில் ஜப்பானின் தனேகாஷிமா தீவிலிருந்து டிஆர்எம்எம் துணைக்கோளில் புறப்பட்டது. அமெரிக்காவும் ஜப்பானும் இணைந்து செய்த முயற்சி இது. திட்டத்தின் அறிவியல் குழுவை வழிநடத்தியவர் ஜோவன் சிம்ப்சன். வானிலை ஆய்வில் முனைவர் பட்டம் எந்தப் பெண்ணுக்கும் கிடைத்ததில்லை, கிடைக்கப்போவதுமில்லை என்று சொல்லப்பட்ட காலத்தில், 1949இல் அப்பட்டத்தைப் பெற்ற முதல் அமெரிக்கப் பெண்மணி அவர். மிக உயரமாக எழும் சில மேகங்களே வெப்பத்தை மேலே கொண்டுசென்று புயலுக்கு ஆற்றலூட்டுகின்றன என்று 1958இல் அவரும் ஹெர்பர்ட் ரீலும் விளக்கினர். இவற்றை ‘வெப்பக் கோபுரங்கள்’ என்பர். பல ஆண்டுகளுக்குப் பிறகு, இத்துணைக்கோளின் ரேடார் அந்தக் கோபுரங்களின் உயரத்தையே அளந்து காட்டியது. கண்ணைச் சுற்றி இத்தகைய கோபுரம் எழுந்தால், அடுத்த ஆறு மணி நேரத்தில் புயல் வலுவடையும் வாய்ப்பு இரு மடங்காகிறது என்பது 2004இல் தெரியவந்தது.

ஆயினும், ஒரு புதிர் இருந்தது. எதிரலையின் வலிமை துளியின் விட்டத்தைப் பொறுத்து மிக வேகமாகக் கூடுகிறது. 2 மில்லிமீட்டர் துளி ஒன்று தரும் எதிரலையும், 1 மில்லிமீட்டர் துளிகள் 64 தரும் எதிரலையும் ஒன்றே. ஆனால், அந்த 64 துளிகளில் உள்ள நீர் எட்டு மடங்கு அதிகம்! எதிரலையை மட்டும் பார்த்து மழையளவைச் சொன்னால் கணக்குத் தவறிவிடும். இதனால்தான் 2014ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஏவப்பட்ட ஜிபிஎம் துணைக்கோளின் ரேடார் இரண்டு அதிர்வெண்களைப் பயன்படுத்துகிறது. துளியின் அளவுக்கேற்ப இரண்டு எதிரலைகளும் வேறுபடுகின்றன. அந்த வேறுபாட்டிலிருந்து துளிகளின் அளவைக் கணிக்கலாம். தூறலும் பனிப்பொழிவும்கூட இதற்குத் தெரிகின்றன.

துணைக்கோளுக்கும் ஒரு குறை உண்டு. அது 500 கிலோமீட்டர் அகலமுள்ள புயலை ஒரு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் கடந்துவிடும். விமானமோ மணிக்கணக்கில் புயலுக்குள் சுற்றிவரும். அதனால் விமானங்களுக்கு ஓய்வு கிடைக்கவில்லை. அமெரிக்காவின் அந்த விமானங்கள் இரண்டுக்கும் பொம்மைக் கதாபாத்திரங்களின் பெயர்கள் வழங்குகின்றன: கெர்மிட், மிஸ் பிக்கி. ஹியூகோவில் எந்திரம் தீப்பற்றியது கெர்மிட்டுக்குத்தான். பழுதுபார்த்தபின், அது பல ஆண்டுகள் புயல்களுக்குள் பறந்தது.